அன்வர் ராஜா ஏன் அறிவாலயம் போனார்?

கீழக்கரை அடங்கிய ராமநாதபுரம் சட்டமன்றத் தொகுதியின் வரலாற்றில் ஒரு வரிசை உண்டு. 1996இல் தி.மு.க.வின் ரகுமான்கான், 2001இல் அ.தி.மு.க.வின் அன்வர் ராஜா, 2006இல் காங்கிரசின் ஹசன் அலி, 2011இல் மனிதநேய மக்கள் கட்சியின் ஜவாஹிருல்லா. அடுத்தடுத்து நான்கு முஸ்லிம் உறுப்பினர்கள். நால்வரும் நான்கு கட்சியினர். இவர்களில் அன்வர் ராஜாவின் அரசியல் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: அந்தந்தத் தேர்தலில் பா.ஜ.க. யார் பக்கம் நின்றது?

2001இல் தி.மு.க.தான் பா.ஜ.க.வுடன் கூட்டணியில் இருந்தது. அந்தத் தேர்தலில் அ.தி.மு.க. சார்பில் வென்று சட்டமன்றத்துக்குப் போன அன்வர் ராஜா, ஜெயலலிதா அமைச்சரவையில் தொழிலாளர் நலத் துறையையும் கவனித்தார். 2014 மக்களவைத் தேர்தலில் ஜெயலலிதா யாரோடும் சேராமல் களமிறங்கி 39இல் 37 இடங்களைப் பிடித்தார். ராமநாதபுரமும் அதில் ஒன்று. வென்றவர் அன்வர் ராஜா.

அவர் பெயர் தமிழ்நாட்டுக்கு வெளியே பேசப்பட்டது முத்தலாக் விவாதத்தில். ஒரே மூச்சில் மூன்று முறை தலாக் சொல்லும் கணவனுக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது மசோதா. அது கீழக்கரையை நேரடியாகத் தொட்டது. கீழக்கரை சபுராளிகளின், அதாவது கடல்கடந்து பிழைக்கப் போகிறவர்களின் ஊர். ஆண்கள் வளைகுடாவிலும் கொழும்பிலும் சம்பாதிக்க, மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே குடிவைப்பது பழைய குடும்பங்களின் வழக்கம். இப்படிப்பட்ட ஊரில் மணமுறிவு என்பது வீடு, ஜீவனாம்சம், பிள்ளைகள் என எல்லாவற்றையும் தொடும் விவகாரம். கணவனைச் சிறைக்கு அனுப்பிவிட்டால் செலவுக்குப் பணம் யார் தருவது என்று எதிர்ப்பாளர்கள் கேட்டதை இங்குள்ளவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்வர் ராஜா அவையில் எழுந்து மசோதாவைக் கடுமையாக எதிர்த்தார். 2018 டிசம்பரில் அ.தி.மு.க. வெளிநடப்பும் செய்தது. அவரது பொதுவாழ்வில் ஆக உயர்ந்த தருணம் அதுதான் என்பேன். தொகுதியின் குரலும் கட்சியின் நிலைப்பாடும் அன்று ஒன்றாக இருந்தன.

சில மாதங்களில் எல்லாம் புரண்டது. 2019 தேர்தலில் அ.தி.மு.க. பா.ஜ.க.வோடு கைகோத்தது. தொகுதிப் பங்கீட்டில் ராமநாதபுரம் பா.ஜ.க.வுக்குப் போனது, அங்கே வென்றவரோ முஸ்லிம் லீக்கின் நவாஸ்கனி. அதே ஆண்டு ஜூலையில் அதே மசோதா மீண்டும் மக்களவைக்கு வந்தபோது, அ.தி.மு.க.வின் ஒரே உறுப்பினரான ரவீந்திரநாத் அதை ஆதரித்தார். டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதாவுக்கும் மாநிலங்களவையில் அ.தி.மு.க. ஆதரவாக வாக்களித்தது. 125க்கு 105 என்று நிறைவேறிய அந்த வாக்கெடுப்பில் அக்கட்சியின் 11 வாக்குகள் எவ்வளவு கனமானவை என்பதைக் கூட்டிக் கழித்தாலே தெரியும்.

கூட்டணியையும் தலைமையையும் வெளிப்படையாக விமர்சித்த அன்வர் ராஜாவை 2021 நவம்பரில் கட்சி நீக்கியது. 2023 ஆகஸ்டில் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அடுத்த மாதமே அ.தி.மு.க. பா.ஜ.க. உறவை முறித்தது. 2025 ஏப்ரலில் அமித் ஷா சென்னைக்கு வந்து கூட்டணியைப் புதுப்பித்தார். ஜூலை 21ஆம் தேதி, தி.மு.க. தலைமையகமான அறிவாலயத்தில், அப்போதைய முதல்வர் ஸ்டாலின் முன்னிலையில் அன்வர் ராஜா தி.மு.க.வில் சேர்ந்தார்.

பதவிக்காகப் போனார் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து இருந்த கட்சி அது; அதை விட்டு இளவயதில் அவர் போகவில்லை. ஆனாலும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினரின் பதவி பறிபோகலாம். பேச்சில் எதிர்க்கலாம், வாக்கில் எதிர்ப்பது கடினம். கட்சி மாறிய நாளில் அன்வர் ராஜா சட்டமன்றத்திலும் இல்லை, நாடாளுமன்றத்திலும் இல்லை. உறுப்பினராக இருக்கும்போதே கூட்டணி மாறினால் கீழக்கரையின் பிரதிநிதி யார் சொல் கேட்பார், ஊரா கட்சியா என்ற கேள்விக்கு அவரது வழி விடை தரவில்லை.