சுற்றுச்சூழல் மேலாண்மையை எங்கே படிப்பது?

பல்கலைக்கழக மாணவர் சேர்க்கைக் காலம் தொடங்கிவிட்டால், 'சுற்றுச்சூழல் மேலாண்மை படித்தால் என்ன வேலை கிடைக்கும்?' என்ற கேள்வி பெற்றோரிடமிருந்து தவறாமல் எழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால், அந்தப் படிப்பில் என்ன கற்றுத்தரப்படுகிறது, எதற்காகக் கற்றுத்தரப்படுகிறது என்ற கேள்வி அதற்கு முன்பே எழுந்திருக்க வேண்டும். மரக்கன்று நடுவதும், நெகிழிப் பைகளைத் தவிர்க்கச் சொல்வதும்தான் அந்தப் பாடம் என்று படித்தவர்களிலேயே பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது எவ்வளவு குறைபாடுள்ள எண்ணம் என்பதைப் புதுச்சேரிக் கடற்கரையின் கடந்த நாற்பது ஆண்டுக்கால வரலாறு காட்டுகிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஓர் ஏரி மாசடைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் எவ்வளவு, கலந்துள்ள நச்சுகள் எவை என்று அளந்து சொல்வது சுற்றுச்சூழல் அறிவியல். அந்த நீரைத் தூய்மைப்படுத்த நிலையம் அமைப்பது சுற்றுச்சூழல் பொறியியல். கழிவுநீரை ஏரிக்குள் விட்டவர் யார், எந்தச் சட்டம் அதைத் தடுக்கிறது, சீரமைக்கும் செலவை யார் ஏற்பது, அதனால் யாருடைய பிழைப்பு பாதிக்கப்படும், எடுத்த முடிவு நிறைவேறியதா என்று ஐந்து ஆண்டுகள் கழித்து யார் சரிபார்ப்பது? இக்கேள்விகளுக்கு விடை காண்பதே சுற்றுச்சூழல் மேலாண்மை. அறிவியல், பொறியியல், சட்டம், பொருளியல், நிர்வாகம் ஆகிய ஐந்தும் இதில் சந்திக்கின்றன.

இத்துறை சட்டங்களின் வழியாக வளர்ந்த துறை. பெருந்திட்டங்களுக்கு முன்னதாகச் சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராய வேண்டும் என்பதை அமெரிக்கா 1969-இல் சட்டமாக்கியது. 1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு நடைபெற்றது. இந்தியாவில் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இலும், காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இலும் வந்தன. 1984 போபால் பேரழிவுக்குப் பிறகு, 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ்க் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இலும், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 1994-இலும் வெளியாகின. பின்னது 2006-இல் மாற்றி எழுதப்பட்டது. ஒவ்வொரு சட்டமும் அதைப் படித்துப் புரிந்துகொண்டு களத்தில் செயல்படுத்தக்கூடிய ஆட்களைக் கோரியது. அந்தத் தேவையை நிறைவுசெய்யவே பல்கலைக்கழகங்களில் இப்படிப்புகள் தோன்றின.

இனிப் புதுச்சேரிக்கு வருவோம். வங்கக் கடலோரத்தில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது எதிர்த்திசையில் நகர்கிறது. ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் இப்படிப் பயணம் செய்கிறது. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரு அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தேங்கியது. வடக்கே இருந்த நகரக் கடற்கரைக்கு மணல் வரத்து நின்றுபோனது. காந்தி சிலைக்கு எதிரே இருந்த மணற்பரப்பு சில ஆண்டுகளில் கரைந்து மறைந்தது. சாலையைக் காப்பாற்றக் கருங்கற்கள் கொட்டப்பட்டன.

கற்கள் சாலையைக் காத்தன; கடற்கரையைக் காக்கவில்லை. அரிப்பு வடக்கே நகர்ந்து குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் ஆகிய மீனவர் பகுதிகளை அடைந்தது. பிறகு எல்லையைத் தாண்டித் தமிழகத்தின் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி ஆகிய ஊர்களைத் தாக்கியது. படகை ஏற்றி நிறுத்தவும், வலையை உலர்த்தவும் மீனவர்களுக்கு இருந்த இடம் போயிற்று. ஓரிடத்தில் கல் கொட்டினால் அடுத்த ஊரில் அரிப்பு கூடியது. துறைமுகம் ஓர் ஆட்சிப் பகுதியில். அதன் விளைவோ இரண்டு ஆட்சிப் பகுதிகளில்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மணல் நகர்வு பற்றி அன்று யாருக்கும் தெரியாமல் இல்லை. தெற்கே தேங்கும் மணலை அள்ளி வடக்கே சேர்க்கும் ஏற்பாடு அத்திட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது. அது தொடர்ச்சியாகவும் முறையாகவும் நடைபெறவில்லை. அதாவது, அறிவியல் தோற்கவில்லை. பொறியியலும் முற்றாகத் தோற்கவில்லை. தோற்றது மேலாண்மை. ஆண்டுதோறும் எவ்வளவு மணல் மாற்றப்பட வேண்டும், அதற்கான நிதி எங்கிருந்து வரும், பணி நடந்ததா என்று யார் யாருக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற எளிய நிர்வாகச் சங்கிலி அறுந்ததால் ஒரு நகரம் தன் கடற்கரையை இழந்தது.

இழந்ததை மீட்கப் பல ஆண்டுகள் ஆயின. புவி அறிவியல் அமைச்சகத்தின் தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம் வகுத்த திட்டத்தின்படி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் எஃகினாலான செயற்கைத் திட்டு 2018 வாக்கில் அமைக்கப்பட்டது. அலையின் வேகம் தணிந்து, அப்பகுதியில் மீண்டும் மணல் சேர்ந்தது. மகிழ்ச்சிக்குரிய மாற்றம்தான். ஆயினும், கடற்கரையின் ஒரு பகுதியை மீட்பதனால் வடக்கே உள்ள ஊர்களின் நிலை தானாகச் சீரடைந்துவிடாது. முழுக் கரையையும் ஒரே அலகாகக் கருதித் திட்டமிடுவதே இத்துறை கற்பிக்கும் முதன்மையான பாடம்.

நிலத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற எல்லைக்கோடுகளால் புதுச்சேரிப் பகுதி, தமிழகத்தின் நிலப்பரப்புக்கு இடையே சிதறிய துண்டுகளாகக் கிடக்கிறது. ஊசுடு ஏரி இரு ஆட்சிப் பகுதிகளிலும் பரவியுள்ளது. தன் பங்கைப் பறவைகள் சரணாலயமாகப் புதுச்சேரி 2008-இல் அறிவித்தது. தமிழகம் தன் பங்கை 2015-இல்தான் அறிவித்தது. ஒரே நீர்ப்பரப்பு ஏழு ஆண்டுகள் பாதிக் காப்புடன் இருந்தது. செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆற்றின் நீர்தான் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக அந்த ஏரிக்கு வருகிறது. நகரத்தின் குடிநீரோ நிலத்தடி நீரை நம்பியிருக்கிறது. கடலோரத்தில் அளவுக்கு மீறி நீரை இறைத்தால் உப்புநீர் உட்புகும். எனவே ஊசுடு ஏரியைக் காப்பது பறவை ஆர்வலர்களின் பொழுதுபோக்கு மட்டும் அன்று. நகர மக்களின் குடிநீர்ப் பிரச்சினை.

இவ்வளவு பாடங்கள் கண்முன்னே கிடக்கும் ஊரில் கற்பதற்கான நிறுவனங்களுக்கும் குறைவில்லை. நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் 1985-இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம், காலாப்பட்டில் கடலை ஒட்டியே அமைந்திருக்கிறது. பறவையியலாளர் சலீம் அலியின் பெயர் தாங்கிய சூழலியல் புலம் அங்கு உருவானது. 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னிந்தியத் தாவரப் பரவல் குறித்த வரைபடங்களையும், உலர்தாவரத் தொகுப்பையும், மகரந்த ஆய்வுக்கூடத்தையும் உருவாக்கி வைத்திருக்கிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழலைப் பாடமாக்க வேண்டும் என்று எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் உத்தரவிட்டது. 2003-இல் அது மீண்டும் வலியுறுத்திய பிறகு, அனைத்து இளநிலைப் பட்டப்படிப்புகளுக்கும் ஆறு மாதக் கட்டாயப் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்தது. நோக்கம் உயர்ந்தது. நடைமுறையில் அது பெரும்பாலான கல்லூரிகளில், தேர்வுக்கு முந்தைய நாள் வழிகாட்டி நூலைப் புரட்டித் தேறிவிடும் தாளாகச் சுருங்கிவிட்டது. எந்தத் துறையில் பாடவேளை குறைவாக உள்ளதோ, அத்துறை ஆசிரியரிடம் அது ஒப்படைக்கப்படுகிறது. களப்பணி என்பது ஒருநாள் சுற்றுலாவாகவும் சில ஒளிப்படங்களாகவும் முடிந்துவிடுகிறது.

இதை மாற்றப் பெருஞ்செலவு தேவையில்லை. புதுச்சேரியில் உள்ள ஒவ்வொரு கல்லூரியும் ஓர் ஏரியையோ, ஒரு வாய்க்காலையோ, கடற்கரையின் ஒரு பகுதியையோ தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். கடற்கரையின் சரிவை அளக்க, அளவு குறித்த இரண்டு கோல்களும் ஒரு கயிறும் போதும். ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில், அதே இடத்தில், அதே முறையில் அளந்து, அந்தத் தரவைப் பொதுவெளியில் வைக்க வேண்டும். ஓராண்டின் அளவை ஒரு மாணவரின் பயிற்சியேடு. பத்தாண்டுகளின் அளவை ஓர் அரசுத் துறைக்கு ஆவணம். எல்லைக்கு அப்பால் உள்ள விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகளும் இதில் இணைந்தால், இரு அரசுகளும் இதுவரை செய்யத் தயங்கிய ஒருங்கிணைப்பை மாணவர்கள் தொடங்கிவைத்தவர்கள் ஆவார்கள்.

மொழியும் முக்கியம். 2006 அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்னதாக, திட்டத்தின் தாக்க மதிப்பீட்டுச் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் தரப்பட வேண்டும். 2020-இல் வெளியான புதிய வரைவு அறிவிக்கையை எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்குமாறு டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் இந்தக் காரணத்தால்தான். நடைமுறையில் கிடைக்கும் தமிழ்ச் சுருக்கங்கள் பலவும் மூலத்தைப் படித்தவருக்கே விளங்காதவை. அலைதடுப்புச் சுவர் கட்டினால் தன் ஊரின் மணல் என்னவாகும் என்பதை ஒரு மீனவருக்கு அவர் மொழியில் விளக்கத் தெரியாத பட்டதாரி, அந்தக் கூட்டத்துக்கு எவ்வகையிலும் உதவ மாட்டார். இத்துறையைத் தமிழிலும் எழுதவும் பேசவும் பயிற்சி அளிப்பது பாடத்திட்டத்தின் பகுதியாக வேண்டும்.

வேலைவாய்ப்பு இல்லாமல் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகள், உள்ளாட்சிகளின் திடக்கழிவுப் பணிகள், தொழிற்சாலைகளின் சுற்றுச்சூழல் பிரிவுகள், ஐ.எஸ்.ஓ. 14001 தரச்சான்றுக்கான தணிக்கைகள் எனக் களம் விரிந்திருக்கிறது. பங்குச்சந்தையில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் சுற்றுச்சூழல் பொறுப்பு குறித்த அறிக்கை தருவதை செபி 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கும் பட்டதாரிகள் தேவை. ஆனால், அங்கே ஓர் அறச்சோதனையும் காத்திருக்கிறது: அறிக்கை எழுதுபவருக்குக் கட்டணம் தருபவர், அந்தத் திட்டத்தைக் கொண்டுவருபவரே. கசப்பான உண்மையை எழுதினால் அடுத்த பணி கிடைக்காமல் போகலாம். இந்த நெருக்கடியைப் பற்றி வகுப்பறையில் வெளிப்படையாக விவாதிக்காத படிப்பு, தன் மாணவரைப் பாதி வழியில் விட்டுவிடுகிறது.

ஆகவே, இத்துறையைத் தேர்ந்தெடுக்க விரும்பும் மாணவர்கள், கட்டடங்களையும் விளம்பரங்களையும் பார்ப்பதோடு நிறுத்தாமல் சிலவற்றை விசாரிக்க வேண்டும். ஒரு பருவத்தில் களப்பணிக்கு எத்தனை நாள்கள்? சட்டமும் பொருளியலும் கட்டாயப் பாடங்களா? புவியியல் தகவல் முறைமையும் புள்ளியியலும் கையால் செய்து கற்பிக்கப்படுகின்றனவா? உள்ளூர் நகராட்சியுடனோ மீனவ ஊர்களுடனோ துறைக்குத் தொடர்பு உண்டா?

1980-களின் இறுதியில், தெற்கே எவ்வளவு மணல் தேங்கியது, வடக்கே எவ்வளவு கொண்டுசேர்க்கப்பட்டது என்று ஆண்டுதோறும் கணக்கெழுதி, பணி நின்றபோது உரக்கச் சொல்லும் அதிகாரமுள்ள ஒரு பயிற்சி பெற்ற அலுவலர் இருந்திருந்தால், பிற்காலத்தில் செலவிட்ட கல்லும் எஃகும் பெருமளவு மிச்சமாகியிருக்கும். பல மீனவக் குடும்பங்களின் கரையும் நிலைத்திருக்கும். 'என்ன வேலை கிடைக்கும்?' என்று கேட்கும் பெற்றோருக்குச் சொல்லத்தக்க விடை அதுதான். அந்தப் பணியிடங்களை உருவாக்க வேண்டியது அரசுகளின் கடமை. அதற்குத் தகுதியானவர்களை உருவாக்க வேண்டியது பல்கலைக்கழகங்களின் கடமை.