வெள்ளாற்றங்கரையில் வீட்டுப் புல்தரை: நீர், மண், நஞ்சு

பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றின் தென்கரையில் உள்ள லப்பைக்குடிக்காடு, வளைகுடா நாடுகளில் உழைப்போர் அனுப்பும் பணத்தில் வீடுகள் எழுந்துள்ள பேரூராட்சி ஆகும். அத்தகைய வீட்டின் முன்புறத்தில் புல்தரை அமைக்க விரும்பும் குடும்பம், பாய்ச்சும் நீர், கொட்டும் மண், தெளிக்கும் மருந்து ஆகிய மூன்றுமே சட்டத்தின் எல்லைக்குள் வருபவை என்பதையும், அவற்றில் தனக்கு உரிமையும் பொறுப்பும் சேர்ந்தே உள்ளன என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே அறிந்திருத்தல் வேண்டும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்க ஒரு லிட்டர் தேவை என்பதால், 500 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 46 சதுர மீட்டர் புல்தரைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் பாய்ச்சினாலே 230 லிட்டர் செலவாகும். பாதாளச் சாக்கடை இல்லாத நகரங்களுக்கு, ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு வகுத்துள்ள அளவோடு ஒப்பிட்டால், இது மூன்று பேரின் குடிநீரைவிட மிகுதியாகும். வீட்டுத் தேவைக்கான ஆழ்துளைக் கிணற்றுக்கு மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் தடையின்மைச் சான்று தேவையில்லை என்றாலும், அவ்வாணையம் 2020 அக்டோபரில் பிறப்பித்த உத்தரவு, நிலத்தடியிலிருந்து எடுக்கும் குடிக்கத்தக்க நீரை வீணாக்குவதையும் தவறாகப் பயன்படுத்துவதையும் எவருக்கும் தடை செய்கிறது. புல்லுக்கு நீர் பாய்ச்சுவதே குற்றம் என்று இதற்குப் பொருளில்லை. குழாயைத் திறந்துவிட்டு நீர் தெருவில் ஓடும்படி விடுவதே இந்த உத்தரவின் கீழ் வரும். இந்த உத்தரவுக்கு அடிப்படையான 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் தண்டம், 2023-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை செல்லக்கூடியது.

நீர்ச்செலவைக் குறைக்கும் வழி புல்லைத் தேர்ந்தெடுப்பதிலேயே தொடங்குகிறது. நர்சரிகளில் சதுர அடிக் கணக்கில் விற்கப்படும் மெக்சிகன் புல் மென்மையானது என்றாலும், வெட்டாமல் விட்டால் மேடு மேடாகப் பொங்கும் இயல்புடையது. இம்மண்ணிலேயே வளரும் அருகம்புல்லோ, வெயிலில் காய்ந்து பழுத்தாலும் அடிக்கிழங்கு உயிரோடிருந்து அடுத்த மழைக்குத் துளிர்க்கும். ஆகையால் சித்திரை வெயிலில் அது பழுப்பாவதைக் கேடாகக் கருதி நாள்தோறும் நீர் ஊற்றத் தேவையில்லை. வாரத்தில் ஓரிரு முறை வேர் ஆழத்துக்கு நனையும்படி காலையில் பாய்ச்சுவதும், வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காமலிருப்பதும் போதும். நீர் எளிதில் வடியாத கரிசல் மண்ணில் நடுவதற்கு முன், வாலிகண்டபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் மையத்தை அணுகி மண் பரிசோதனை குறித்து ஆலோசனை பெறுவது வீண் உரச்செலவைத் தவிர்க்கும்.

தரையை மேடாக்க லாரியில் செம்மண் அடிக்கும்போது இரு இடர்கள் உடன் வருகின்றன. அரசின் அனுமதியும் நடைச்சீட்டும் இன்றி எடுத்துச் செல்லப்படும் மண், கனிமவளச் சட்டத்தின்படி வாகனத்தோடு பறிமுதல் செய்யப்படத்தக்கது. வெள்ளாற்று மணலுக்கும் இதுவே பொருந்தும். எனவே நடைச்சீட்டின் நகலைக் கேட்டு வாங்கிய பிறகே மண்ணை இறக்கச் சொல்வது வாங்குபவருக்குப் பாதுகாப்பானது. மற்றோர் இடர், அம்மண்ணோடு வரும் கோரைக்கிழங்கும் பார்த்தீனிய விதையும் ஆகும். மண்ணைப் பரப்பி, நனைத்து, முளைத்த களைகளைக் கிழங்கோடு தோண்டியெடுக்கும் வேலையை இரண்டு முறை செய்துவிட்டுப் புல் நடுவது சலிப்பூட்டுவதுதான். எனினும் பின்னாளில் மருந்தடிக்கும் தேவையை அதுவே பெருமளவு குறைக்கிறது.

களைக்கொல்லியின் தீங்குதான் இவற்றுள் மிகக் கடுமையானது. கோரைக்குப் பலரும் நாடும் கிளைபோசேட் என்னும் மருந்தை, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கு உரிமம் பெற்றவர்களைத் தவிர வேறு எவரும் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2022 அக்டோபர் 21-இல் உத்தரவிட்டது. ஆகவே கடையில் கிடைக்கிறது என்பதால் வீட்டுக்காரரோ தோட்ட வேலைக்கு வருபவரோ அதைத் தாமே தெளித்துவிட முடியாது. அகன்ற இலைக் களைகளை அழிக்கும் 2,4-டி என்னும் மருந்து புல்லைக் கொல்லாது என்றாலும், அதன் சாரல் காற்றில் பரவினால் பருத்திச் செடி மிகச் சிறிய அளவிலேயே இலை சுருங்கி, நரம்புகள் நீண்டு, காய்ப்பு குன்றிவிடும். ஆவியாகிப் பரவும் எஸ்டர் வகையில் இந்த இடர் இன்னும் கூடுதலாகும். பருத்தி முதன்மைப் பயிர்களுள் ஒன்றாக விளையும் மாவட்டத்தில், ஓர் அலங்காரத் தரைக்காகப் பக்கத்து நிலத்தின் ஓராண்டு வருமானத்தைப் பணயம் வைப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. அப்படி இழப்பு நேர்ந்தால், பாதிக்கப்பட்ட விவசாயி வேளாண் அலுவலரை அழைத்துப் பயிரைக் காட்டி எழுத்துப்பூர்வமான ஆய்வறிக்கை பெற்று, அதன் அடிப்படையில் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரலாம்.

நச்சுத்தன்மையின் அளவைக் காட்டுவதற்காகவே மருந்துக் குப்பியின் மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நான்கு வண்ணங்களில் ஒன்று சாய்சதுரத்தில் அச்சிடப்படுகிறது. சிவப்பு மிகக் கொடியதைக் குறிக்கும். தெளித்தவருக்கு வாந்தியோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் 108-ஐ அழைத்து, குப்பியையும் உடன் வரும் துண்டறிக்கையையும் மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். முறிவு மருந்து பற்றிய குறிப்பு அதில்தான் இருக்கும். கையுறையும் முகக்கவசமும் இன்றிக் கூலியாளைத் தெளிக்கச் சொல்லும் உரிமை வீட்டு உரிமையாளருக்குக் கிடையாது.

காசு வாங்கிக்கொண்டு காய்ந்த புல்லையோ களை கலந்த புல்லையோ பதித்துவிட்டுச் செல்லும் ஒப்பந்ததாரர் மீது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாதபோது கட்டணம் இல்லை. முறையிடுபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க அச்சட்டம் இடமளிப்பதால், வெளியூர் நர்சரியைத் தேடி அலைய வேண்டியதில்லை; இணையவழியிலும் மனு அளிக்கலாம் என்பது வெளிநாட்டில் இருப்போருக்குப் பேருதவியாகும். தொலைபேசியில் பேசி உறவினர் கையால் பணம் கொடுக்கும் வழக்கத்தில் இரசீது எழுதப்படாமல் போவதே இத்தகைய வழக்குகளை வலுவிழக்கச் செய்யும். புல்லின் பெயர், பரப்பளவு, பட்டுப்போனால் மாற்றித் தரும் காலம் ஆகியவற்றைக் குறித்த ஒரு தாளும், பதித்த நாளிலும் பின்னர் பட்டுப்போன நாளிலும் தேதியோடு எடுத்த படங்களும் இருந்தால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவாகும் புகாரே சில வேளைகளில் வழக்கின்றித் தீர்வைப் பெற்றுத் தரும்.