ஸ்விட்சை அணைத்தாலும் கேபிள் கொல்லும்!

துணை மின்நிலையத்தில் பழைய கேபிளை மாற்றுகிறார்களாம். காலை 9 மணிக்குப் போன கரண்ட் மதியம்தான் வரும். 'ஒரு வயரை மாத்த இவ்வளவு நேரமா?' என்று கடைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள்.

அது வீட்டு வயரல்ல. 33 ஆயிரம் வோல்ட் கேபிள்! ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். தொட்டால் ஆள் காலி. எர்த் கம்பி வைத்துத் தரையில் இறக்கினாலும், கிணற்றுத் தண்ணீர் மாதிரி மறுபடி ஊறும். அதனால் வேலை முடியும்வரை எர்த்தை எடுப்பதில்லை.

பள்ளத்தில் இன்னொரு ஆபத்து. ஒரே மாதிரி நாலைந்து கேபிள்கள் கிடக்கும். செத்தது எது, உயிரோடு இருப்பது எது? கருவி சொன்னாலும் நம்பிவிடக் கூடாது. எல்லாரும் விலகி நிற்க, தூரத்திலிருந்தே இரும்பு முள்ளைக் கேபிளுக்குள் பாய்ச்சுவார்கள். வெடிக்கவில்லையா? அப்புறம்தான் ரம்பத்தை எடுப்பார்கள்.

புதுக் கேபிளைக் கோர்த்ததும் சோதனை. அதற்கு ஏற்றிய மின்சாரத்தையும் எர்த்தில் இறக்கிய பிறகே உங்கள் கடை ஃபேன் சுற்றும்.