உள்கட்டமைப்பின் நிலைபேற்றை அளத்தல்: ஜொகூர் நீரிணையை முன்வைத்து

சாலை, அணை, இருப்புப்பாதை ஆகியவற்றின் வெற்றி நெடுங்காலம் செலவு, காலம், உறுதி ஆகியவற்றாலேயே அளக்கப்பட்டது. பிரித்தானியாவின் சீக்குவல் (2003), அமெரிக்காவின் என்விஷன் (2012), மலேசியக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் இன்ஃப்ராஸ்டார் ஆகியன சுற்றுச்சூழலுக்கும் மக்கள் வாழ்வுக்கும் சேர்த்தே புள்ளி வழங்குகின்றன.

1924இல் திறக்கப்பெற்ற ஜொகூர்-சிங்கப்பூர் இணைப்பை எடுத்துக்கொள்வோம். பாலம் என நாம் வழங்கினும் அது பாலமன்று. கருங்கற்களைக் கடலில் கொட்டி எழுப்பிய, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளக் கரை. இரயிலும் வண்டிகளும் தடையின்றிக் கடந்தன. பழைய அளவுகோலில் அது முழு வெற்றியே. ஆயின், நீரிணையின் ஓட்டம் துண்டிக்கப்பட்டது. 1998இல் திறக்கப்பெற்ற இரண்டாம் இணைப்போ தூண்களின்மேல் நிற்கிறது. அதன் அடியில் நீர் ஓடுகிறது. இவ்வேறுபாட்டைச் செலவுக் கணக்கு ஒருபோதும் காட்டாது.

புள்ளிமுறையிலும் நாம் ஒரு குறை காண்கிறோம். மொத்தக் கூட்டலில் ஒன்றன் மிகுதி மற்றொன்றன் குறைவை மறைத்துவிடும். 2023 மார்ச்சு வெள்ளத்தில் சாஆ வட்டாரமும் பாதிக்கப்பட்டது. அத்தகைய தாழ்நிலத்தில் சாலையை உயர்த்துவோர் மரம் நட்டுப் புள்ளி பெறலாம். அச்சாலை தடுக்கும் நீர் எவர் வீட்டில் தேங்கும் என்பதைத் திட்ட எல்லைக்கு வெளியே, ஆற்றுப்படுகை முழுவதிலும் அளந்தாக வேண்டும்.