காலைக் காக்கும் தொடைத் தோல்

சிகாமட்டிலிருந்து கூலாய் வரை, ஜொகூர்ச் செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு முள் குத்துவது புதிதல்ல. முள்ளைப் பிடுங்கிப் போட்டு, மஞ்சளைத் தடவிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்கள். பெரும்பாலும் அதோடு ஆறிவிடும். ஆனால் இனிப்பு நீர் உள்ளவருக்கு, அபூர்வமாகச் சில வேளை, அந்தச் சிறு காயமே உயிருக்கு உலையாகிவிடுகிறது. அதுதான் சதை அழுகல் நோய்.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். ஆகவே இது நம் வீட்டுக் கதை.

கிருமி தோலுக்கு அடியில், தசையைப் போர்த்திய சவ்வின் வழியே ஓடுகிறது. அங்குள்ள இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால்தான் ஊசி மருந்து மட்டும் போதாமல், செத்த சதையை உடனே வெட்டி எடுக்கிறார்கள். காயம் சிறிதாயிருக்க வலி மட்டும் தாங்க முடியாமல் போவது முதல் எச்சரிக்கை. பிறகு காய்ச்சல், வீக்கம், கருநீலத் தோல், கொப்புளம். கடற்பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் மருத்துவர்கள் 2004இல் ஆறு இரத்தச் சோதனைகளைக் கொண்டு இந்நோயைச் சந்தேகிக்க ஒரு கணக்கு வகுத்தார்கள். ஆயினும் மருத்துவரின் கண்ணும் கையும்தான் முக்கியம்.

வெட்டிய பின் தெரியும் பெரும் புண்ணைப் பார்த்துக் குடும்பமே கலங்கிவிடும். “போதும், வீட்டுக்குக் கொண்டு போகிறோம்” என்று சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போடுகிறவர்களும் உண்டு. அந்தக் கையெழுத்துதான் ஆபத்து! அடுத்தடுத்துப் புண்ணைத் திறந்து பார்த்துச் சுத்தம் செய்தால்தான் அழுகல் நிற்கும். சில வேளை உயிரைக் காக்கக் காலையே எடுக்க நேரும். ஆனால் கால் தப்பிய பலருக்கு அடுத்த கட்டம் நம்பிக்கையானது.

புண் சிவந்து, சுத்தமான புதுச் சதை வளர்ந்ததும், தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுக்கிறார்கள். அதில் வலைபோல் துளையிட்டு விரித்துப் புண்மேல் பதிக்கிறார்கள். முதல் சில நாட்கள் ஒட்டுத்தோல் புண்ணின் ஈரத்தையே குடித்து வாழும். பிறகு புது இரத்தக் குழாய்கள் அதற்குள் புகுந்துவிடும். தோல் எடுத்த தொடை சுமார் இரண்டு வாரத்தில் தானே ஆறும்.

எலும்போ நரம்போ வெளியே தெரிந்தால் மெல்லிய தோல் பிடிக்காது. அங்கே இரத்த ஓட்டத்தோடு கூடிய சதையையே திருப்பிப் பொருத்துவார்கள். நெற்றித் தோலை மடித்து மூக்கைச் சீரமைக்கும் இந்திய முறை 1794இல் லண்டன் பத்திரிகையில் வெளிவந்து ஐரோப்பியரை வியக்க வைத்தது. அந்த வித்தையின் வழிவந்ததே இதுவும்.

வீடு திரும்பியதும் வேலை நம்முடையது. ஒட்டிய தோலில் வியர்வை சுரக்காது, காய்ந்து வெடிக்கும். மருத்துவர் சொல்லும் களிம்பைத் தினமும் தடவுங்கள். வெயில் படாமல் மூடுங்கள். மூட்டு இறுகாதபடி பயிற்சி செய்யுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள்.

தாய்மார்களே, இன்றிரவே வீட்டுப் பெரியவரின் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். காயத்துக்கு மீறிய வலி என்று அவர் சொன்னால் விடியும் வரை காத்திராதீர்கள்.