உங்களுக்குத் தெரியுமா? ஊசியைத் தொடாதவர்களுக்கும் எச்.ஐ.வி.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். அது பாலுறவு வழியாக வந்தது. மணிப்பூரில் அது வேறு வழியாக நுழைந்தது. மியான்மர் எல்லையில் உள்ள மோரே நகர் வழியாக வந்த ஹெராயினுக்கு அங்கே ‘நம்பர் ஃபோர்’ என்று பெயர். ஒரே சிரிஞ்சை நண்பர்கள் பலர் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டார்கள். 1989-இன் இறுதியில் முதல் தொற்றுகள் தெரியவந்தன. அடுத்த ஓராண்டுக்குள், சோதிக்கப்பட்ட ஊசிப் பழக்கத்தாரில் பாதிப் பேருக்குத் தொற்று!

கதை அங்கே நிற்கவில்லை. ஊசிப் பழக்கத்தால் தொற்றுக்கு ஆளான கணவர்களின் மனைவியரைப் பற்றி 2000-இல் வெளியான ஆய்வில், அவர்களில் 45 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. இத்தனைக்கும் அந்தப் பெண்கள் ஊசி போட்டதே இல்லை. ஆணுறையில்லாத தாம்பத்தியம் போதுமானதாக இருந்தது. எச்சரிக்கைப் பிரசாரம் ‘தவறான உறவு’ பற்றியே பேசிக்கொண்டிருந்தால், வீட்டுக்குள் இருப்பவர் தனக்கென்று எதை எடுத்துக்கொள்வார்?

தொற்றைத் தடுக்கப் புதிய ஊசி தருவது, ஹெராயினுக்குப் பதிலாக நாக்கின் அடியில் கரையும் புப்ரெனார்ஃபின் மாத்திரை தருவது ஆகியவை பழக்கத்தை வளர்ப்பதாகப் பலர் முணுமுணுத்தார்கள். இன்று இரண்டுமே அரசின் எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தில் இருக்கின்றன. கூடவே ஆணுறையும் தரப்படுகிறது.