பாண்டி பீச் ரோட்டில் கார் இல்லை... சரி, அந்தக் கார்கள் எல்லாம் எங்கே போகின்றன?

மாலை 6 மணி ஆனால் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் போலீஸ் பேரிகார்டு வந்துவிடும். மறுநாள் காலை 7.30 வரை அங்கே காரும் கிடையாது, பைக்கும் கிடையாது. வீக்எண்ட் மட்டுமல்ல, தினமும் இதேதான். நடுரோட்டில் குழந்தைகள் ஓடும், காந்தி சிலைக்கும் பழைய கலங்கரை விளக்கத்துக்கும் முன்னால் செல்ஃபி எடுப்பார்கள், வாக்கிங் போகிறவர்கள் ஹாரன் பயம் இல்லாமல் போவார்கள். ஊரின் மிக முக்கியமான ஒரு சாலையை நாள்தோறும் பதின்மூன்றரை மணி நேரம் நடப்பவர்களிடம் கொடுத்துவிடும் நகரம் நம் பக்கத்தில் அபூர்வம்.

ஆனால் அதே நேரத்தில் இரண்டு தெரு தள்ளிப் பார்த்தால் கதை வேறு. துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, சுய்ப்ரேன் வீதி என்று எங்கே திரும்பினாலும் ஏதாவது ஒரு கார் ஊர்ந்துகொண்டே போகும். உள்ளே இருப்பவர்கள் எங்கேயும் போகவில்லை, பார்க்கிங் தேடுகிறார்கள். பீச் ரோட்டில் இருந்து விலக்கப்பட்ட கார் ஊரை விட்டுப் போகவில்லை. பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

பாண்டியின் வார இறுதி டிராஃபிக் பற்றிப் பேசும்போதெல்லாம் 'எந்த ரோட்டை மூடுவது' என்றே கேள்வி வருகிறது. உண்மையில் கேட்க வேண்டியது வேறு: கார் எங்கே நிற்க வேண்டும்?

இந்தத் தெருக்கள் யாருக்காகப் போடப்பட்டவை?

பாண்டி என்றால் பிரெஞ்சுக்காரர்கள் என்பது பொது அறிவு. ஆனால் இந்த ஊரின் கட்டம் போட்ட தெரு அமைப்புக்கான திட்டத்தை வரைந்தவர்கள் டச்சுக்காரர்கள். 1693-ல் ஊரைப் பிடித்து 1699-ல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நடுவில் இருந்த ஆறு வருடத்தில் உருவான திட்டம் அது. 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திரும்ப வந்து கட்டியபோதும் அந்தக் கட்ட அமைப்பை விடவில்லை.

நேர்நேரான தெருக்கள், இருபுறமும் சுவர் ஒட்டிய வீடுகள், நடுவே ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்கால். மாட்டுவண்டியும் பல்லக்கும் புஷ்-புஷ் வண்டியும் போன தெருக்கள் இவை. வீடுகள் பாரம்பரியக் கட்டடங்கள் என்பதால் இடித்து அகலப்படுத்தவும் முடியாது. இடித்துவிட்டால் சுற்றுலாப் பயணி பார்க்க வருவதற்கே ஒன்றும் இருக்காது. ஆக, சாலையின் அகலம் இவ்வளவுதான். அதற்கு மேல் வராது.

ஒரு சின்னக் கணக்கு. பீச் ரோட்டின் நீளம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். சாலையோரம் வரிசையாக நிறுத்தினால் ஒரு காருக்கு ஏறக்குறைய 6 மீட்டர் வேண்டும். ஒரு பக்கம் முழுக்க அடைத்தாலும் 250 கார். காருக்கு நாலு பேர் என்று வைத்தால் 1,000 பேர். அதே ஆயிரம் பேரை 20 பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பஸ்ஸைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

ஓடுவது போல் இருக்கும் பார்க்கிங்

'தி ஹை காஸ்ட் ஆஃப் ஃப்ரீ பார்க்கிங்' என்ற புத்தகத்தை 2005-ல் எழுதியவர் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப். இலவச பார்க்கிங் என்று ஒன்று கிடையவே கிடையாது, அதன் விலையை வேறு யாரோ கட்டுகிறார்கள் என்பது அவருடைய வாதம். பல நகரங்களின் மையப் பகுதிகளில் நடந்த ஆய்வுகளை அவர் சேர்த்துப் பார்த்தார். நெரிசலான நேரத்தில் அந்தத் தெருக்களில் ஓடிய வண்டிகளில் சராசரியாக 30 சதவீதம் பார்க்கிங் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தவை என்று வந்தது. 8 சதவீதம் வந்த ஊரும் உண்டு, 74 வந்த ஊரும் உண்டு. அதனால் இந்த 30-ஐ அப்படியே பாண்டிக்கு ஒட்டிவிட முடியாது.

ஆனால் காரணம் எங்கேயும் ஒன்றுதான். தெருவோரம் காசில்லாமலோ சல்லிக் காசுக்கோ கிடைக்கிறது, கட்டண பார்க்கிங் ஐந்து நிமிட நடை தள்ளி இருக்கிறது என்றால், மனுஷன் இன்னொரு ரவுண்டு அடித்துப் பார்க்கவே நினைப்பான். கஃபே வாசலிலேயே இடம் கிடைத்துவிடாதா என்ற நப்பாசை. ஈ.சி.ஆரில் மூன்று மணி நேரம் ஓட்டி வந்தவருக்குக் கடைசி ஐந்நூறு மீட்டர் நடப்பதுதான் கஷ்டமாகத் தெரிகிறது!

புதுச்சேரியில் இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. நேரு வீதியில் பழைய சிறை இருந்த வளாகம் பார்க்கிங்காகப் பயன்பட்டிருக்கிறது. அங்கிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அந்த நடை எப்படிப்பட்ட நடை? நடைபாதையில் வாடகை ஸ்கூட்டர்கள், அதைத் தாண்டினால் ஜெனரேட்டர், அதையும் தாண்டினால் கடை போர்டு. தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. பார்க்கிங்கில் இருந்து கடல் வரைக்கும் நிழலோடு ஒரு நல்ல நடைபாதை இல்லாதவரை, 'தள்ளி நிறுத்திவிட்டு நடங்க' என்று சொல்வது வெறும் உபதேசம்.

நடுவில் ஒரு ஆஸ்பத்திரி

நெரிசல் என்றால் டூரிஸ்ட்டின் எரிச்சல் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் விஷயத்தின் பாதி தெரியாமல் போய்விடும். இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை இருப்பது பாரதி பூங்காவை ஒட்டிய விக்டர் சிமோனல் வீதியில். அதாவது, ஒயிட் டவுனுக்கு உள்ளேயே. கூப்பிடு தூரத்தில் சட்டப்பேரவை, ஆளுநர் மாளிகை, மணக்குள விநாயகர் கோயில். சனிக்கிழமை மாலை அங்கே வர வேண்டிய ஆம்புலன்ஸும், பார்க்கிங் தேடும் கார்களும் பயன்படுத்துவது ஒரே தெருக்களைத்தான்.

உள்ளே குடியிருப்பவர்களுக்கும் இதே தலைவலி. வாசலை மறித்து வெளியூர் கார் நிற்கும், ஓனர் கடற்கரையில் இருப்பார். அவருடைய நம்பர் யாருக்குத் தெரியும்? இந்தத் தெருக்களில் வயதானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நடப்பதற்கென்று ஒரு சாலையைக் கொடுத்த அதே ஏற்பாடு, அவர்கள் வீட்டு வாசலில் நடப்பதைச் சிரமமாக்கியிருக்கிறது.

டிசம்பர் 31-ல் மட்டும் எப்படி முடிகிறது?

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதே இல்லை. புத்தாண்டு இரவில் பாண்டி என்ன செய்கிறது என்று பாருங்கள். பீச் ரோட்டோடு நிறுத்தாமல், ஒயிட் டவுன் முழுவதற்குமே வெளி வண்டிகளைத் தடுத்துவிடுகிறார்கள். குடியிருப்பவர்களுக்கும் அங்குள்ள ஹோட்டல்களில் தங்குபவர்களுக்கும் பாஸ். மற்றவர்கள் பழைய துறைமுக வளாகம், உப்பளம் விளையாட்டரங்கம் போன்ற இடங்களில் நிறுத்த வேண்டும். அங்கிருந்து மக்களை ஏற்றிக்கொண்டு போகப் பஸ்களும் விடுகிறார்கள்.

பாஸ், ஊரின் ஓரத்தில் பார்க்கிங், அங்கிருந்து பஸ். மூன்றும் சேர்ந்து வரும்போதுதான் ரோடு மூடல் வேலை செய்கிறது. மற்ற நாட்களில் இருப்பது பேரிகார்டு மட்டும்தான். வருடத்தில் ஒரு ராத்திரி போலீஸ் பெரும்படை போட்டுச் செய்வதை, 52 வார இறுதிகளுக்கும் குறைந்த ஆட்களோடு நடத்த வேண்டும் என்றால் தானியங்கித் தடுப்பு, நம்பர் பிளேட் கேமரா மாதிரி விஷயங்களுக்குச் செலவு ஆகும். தெரு பார்க்கிங்குக்கு உருப்படியான கட்டணம் வைத்தால் அந்தச் செலவில் ஒரு பகுதியை அதிலிருந்தே எடுக்கலாம். குடியிருப்பவருக்குச் சலுகை, வெளியூர்க்காரருக்கு மணிக்கணக்கில் காசு. வெளியூர்க்காரர்களுக்கு புதுச்சேரியில் ஓட்டு இல்லை என்பதால் அரசியல் ரீதியாகவும் இது அவ்வளவு கஷ்டமான முடிவு இல்லை!

ஊட்டி மாதிரி இ-பாஸ் வைத்தால்?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது நினைவிருக்கும். அடுத்த வருடம் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தது சென்னை உயர் நீதிமன்றம். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்துக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் விலக்கு. வியாபாரிகள் எதிர்த்தார்கள், நீலகிரியில் கடையடைப்பும் நடந்தது.

மலைக்கு ஒரு வசதி உண்டு: ஏறுவதற்கு விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பாதைகள், அங்கே செக்போஸ்ட் போட்டால் போதும். பாண்டி சமவெளி. ஈ.சி.ஆர்., திண்டிவனம் ரோடு, விழுப்புரம் ரோடு, கடலூர் ரோடு என்று நாலாபுறமும் வழி. போதாக்குறைக்கு புதுச்சேரி எல்லையும் தமிழக எல்லையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. ஊரின் எல்லையில் கதவு போட முடியாது. போட முடிந்தால் ஒயிட் டவுனைச் சுற்றித்தான் போட வேண்டும்.

மகாராஷ்டிராவின் மாத்தேரான் மலையில் இன்னொரு பாடம் இருக்கிறது. அங்கே தஸ்தூரி என்ற இடத்தில் காரை விட்டுவிட்டு நடக்க வேண்டும், இல்லையென்றால் குதிரை. அதுவும் முடியாதவர்களை மனிதர்கள் கை ரிக்‌ஷாவில் வைத்து இழுத்தார்கள். மனித மாண்புக்கு இது எதிரானது, ஆறு மாதத்துக்குள் நிறுத்துங்கள், இ-ரிக்‌ஷா கொடுங்கள் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காரை நிறுத்தச் சொல்லும் ஊர், நடக்க முடியாதவர் எதில் வருவார் என்பதையும் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். பாண்டியில் சின்ன மின்சார வண்டிகளுக்கு அந்த வேலை சரியாகப் பொருந்தும்.

கடைக்காரர்கள் என்ன சொல்வார்கள்?

'வண்டி வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும்' என்ற பயம் எல்லா ஊரிலும் உண்டு. சும்மா ஒதுக்கிவிடக் கூடிய பயமும் இல்லை. சிமெண்ட் மூட்டை விற்பவருக்கும் ஃப்ரிட்ஜ் விற்பவருக்கும் கடை வாசலில் வண்டி நின்றே ஆக வேண்டும். சரக்கு இறக்க அதிகாலையில் நேரம் ஒதுக்குவது இதற்கு வழக்கமான ஏற்பாடு.

ஆனால் துணி, செருப்பு, பை, ஐஸ்கிரீம்? ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிக்குப் போய்ப் பார்த்தால் பதில் கிடைக்கும். சண்டே மார்க்கெட் நடக்கும் அந்த வீதியில் காரை ஓட்டிக்கொண்டு போவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடக்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள், வாங்குகிறார்கள். காரில் அந்த வழியாகப் போகிறவர் எந்தக் கடையிலும் நின்று டி-ஷர்ட் விலை கேட்பதில்லை.

அடுத்த முறை 'பாண்டி போலாமா மச்சான்' என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு வந்தால் ஒரு தகவல். புதுச்சேரி ரயில் நிலையம் சுப்பையா சாலையில் இருக்கிறது. பீச் ரோட்டின் தெற்கு முனைக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். ரயில்கள்தான் குறைவு. பஸ்ஸில் போனால் புதிய பஸ் நிலையத்தில் இருந்து ஆட்டோ, ஏறுவதற்கு முன்பே ரேட் பேசிவிடுவது நல்லது. கார்தான் என்று முடிவாகிவிட்டால், ஒயிட் டவுனுக்குள் ரூம் புக் செய்யும்போதே ஹோட்டலுக்குச் சொந்த பார்க்கிங் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். 'தெருவிலேயே விட்டுக்கலாம் சார்' என்று பதில் வந்தால், அந்தத் தெருவில் யாரோ ஒருவருடைய வாசல் இருக்கிறது என்று அர்த்தம்.